ஒரு நாவல், ஒரு 90 சதவீதம், நம் வீட்டு மெயின் போர்டு

வில்லியம் ஃபோர்ஸ்ட்சென் எழுதிய 'ஒன் செகண்ட் ஆஃப்டர்' 2009-ல் வெளிவந்த நாவல். மின்காந்தத் துடிப்பு, அதாவது இ.எம்.பி என்ற சொல்லை அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் சமையலறை வரைக்கும் கொண்டுபோனதில் இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று இணையத்தில் விற்கும் 'இ.எம்.பி பாதுகாப்புப் பெட்டி' விளம்பரங்களைப் படித்தால், அந்தப் பயத்தின் மொழி பெரும்பாலும் இந்த நாவலின் மொழி என்பது தெரியும். அதனால் இதை வெறும் கதையாக மட்டும் விமர்சித்துவிட்டுப் போக முடியாது. கதையாக எப்படி, தொழில்நுட்பமாக எப்படி, இதை நம்பி ஒருவர் தன் வீட்டு மின் அமைப்பில் காசைப் போட்டால் என்ன ஆகும் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கதை

வட கரோலினா மாநிலத்தில் பிளாக் மவுன்டன் என்ற சின்ன மலையூர். ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் ஜான் மேதர்சன் அங்கே ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். மனைவி புற்றுநோயில் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். இளையவள் ஜெனிஃபருக்கு டைப் 1 சர்க்கரை நோய். ஒரு நாள் மின்சாரம் போகிறது. போன் வேலை செய்யவில்லை. நெடுஞ்சாலையில் கார்கள் அப்படி அப்படியே நின்றுவிடுகின்றன. மாமியாரின் பழைய எட்செல் கார் மட்டும் ஓடுகிறது. நாட்டுக்கு மேலே அணுகுண்டை வெடித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிகிறது.

இந்த நாவலின் பலம் அதன் சரக்குக் கணக்கு. மருந்துக்கடையில் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது, முதியோர் இல்லத்தில் முதலில் யார் சாவார்கள், ஒரு ஊருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று ஃபோர்ஸ்ட்சென் பொறுமையாகக் கணக்குப் போடுகிறார். முதியோர் இல்லக் காட்சியைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூங்குவது கஷ்டம். இன்சுலின் இல்லாமல் ஜெனிஃபர் சாவதுதான் புத்தகத்தின் இதயம். மின்சாரம் என்றால் லைட்டும் ஃபேனும் அல்ல, மருந்தும் குடிநீரும் கழிவுநீரும்தான் என்று ஒரு சாதாரண வாசகருக்குப் புரியவைத்த வகையில் இந்தப் புத்தகத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பலவீனம் பாதிக்குப் பிறகு வருகிறது. 'பாஸி' என்ற கொள்ளைக் கூட்டம் வருகிறது. கல்லூரி மாணவர்கள் படையாகிறார்கள். பெரிய சண்டை நடக்கிறது. கதையின் எடை முழுக்கத் துப்பாக்கியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. முதல் பாதியில் மருந்து எப்படி வரும், தண்ணீர் எப்படி ஏறும் என்று கேட்ட நாவல், பின்பாதியில் யார் யாரைச் சுடுவார்கள் என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறது. ஒரு ஊர் பிழைப்பது லைன்மேன், நர்ஸ், பிளம்பர், விவசாயி ஆகியோரின் கைகளால். அந்தக் கைகளுக்குக் கிடைத்த பக்கங்கள் கர்னலுக்குக் கிடைத்ததில் கால்வாசி கூட இல்லை.

90 சதவீதம் எங்கிருந்து வந்தது?

ஒரு வருடம் கழித்து ராணுவம் வந்து சேரும்போது, நாட்டில் பெரும்பாலானோர் செத்துவிட்டார்கள் என்று நாவல் சொல்கிறது. "இ.எம்.பி தாக்கினால் 90 சதவீத அமெரிக்கர்கள் ஒரே வருடத்தில் இறப்பார்கள் என்று அரசு ஆணையமே சொல்லியிருக்கிறது" என்ற வாக்கியத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். லாக் ஃபைலில் ஒரு எண் விசித்திரமாக இருந்தால், அது எந்த ஃபங்ஷனிலிருந்து கிளம்பியது என்று பின்னோக்கித் தேடுவது எங்கள் தொழில் வழக்கம். இந்த எண்ணையும் அப்படித் தேடினால் பாதை சுவாரசியமானது.

அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த இ.எம்.பி ஆணையம் 2004-லும் 2008-லும் அறிக்கைகள் தந்தது. 2008 அறிக்கை மின்சாரம், தொலைத்தொடர்பு, உணவு, தண்ணீர் என்று துறை துறையாக அலசுகிறது. ஆனால் 90 சதவீதச் சாவு என்று ஒரு கணக்கீடு அதில் கிடையாது. 2008 ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் ராணுவக் குழு விசாரணையில் ஆணையத் தலைவர் வில்லியம் கிரஹாம் சாட்சி சொன்னார். அங்கே ராஸ்கோ பார்ட்லெட் என்ற உறுப்பினர், இன்னும் வெளிவராத ஒரு நாவலின் பிரதியைப் படித்ததாகவும், அதில் ஒரு வருட முடிவில் 90 சதவீதம் பேர் இறந்துவிடுவதாகவும் சொல்லி, இது நடக்கக்கூடியதா என்று கேட்டார். நாவல் எது என்று சொல்லத் தேவையில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் அடிப்படை வசதிகள் மொத்தமாகப் போன அனுபவம் நமக்குக் கிடையாது, ஆனாலும் எண் சரியான வரம்புக்குள்தான் இருக்கிறது என்ற பொருளில் கிரஹாம் பதில் சொன்னார்.

அவ்வளவுதான். நாவலாசிரியரின் கற்பனை எண் ஒரு உறுப்பினரின் கேள்வியாகி, சாட்சியின் தலையசைப்பு வாங்கி, பிறகு 'ஆணையத்தின் மதிப்பீடு' என்று பெயர் மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. ஆணையத்தோடு தொடர்புள்ளவர்களே பின்னாளில் நாடாளுமன்றக் குழு முன் அதைத் திரும்பச் சொன்னார்கள். ஒரு பொய்யும் சொல்லாமல், ஒரு எண்ணுக்கு இல்லாத ஆதாரத்தை உருவாக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உண்மையில் நீண்ட மின்தடை எப்படிக் கொல்லும் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோ தீவின் மின் அமைப்பை மொத்தமாகச் சாய்த்தது. முழுதாகச் சரிசெய்ய ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. சுமார் 33 லட்சம் மக்கள் உள்ள அந்தத் தீவில் கூடுதல் சாவுகள் 2,975 என்று ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது, அரசும் அதை ஏற்றது. ஆயிரத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இதை வைத்து "பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லக் கூடாது. அங்கே வெளியிலிருந்து கப்பலில் உதவி வந்தது, நாடு முழுக்க விழுந்தால் அது வராது. ஆனால் ஆயிரத்தில் ஒன்றுக்கும் பத்தில் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியை யாராவது ஒரு மாதிரி வைத்துக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். நாவல் நிரப்பியது போதாது.

பௌதிகம் என்ன சொல்கிறது?

அணுகுண்டு வளிமண்டலத்துக்கு மேலே வெடித்தால், அதன் காமா கதிர்கள் 20 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். அவை பூமியின் காந்தப்புலத்தில் வளைந்து ஓடும். அந்த ஓட்டம் வானம் அளவுக்கு ஒரு ஆன்டெனா. அதிலிருந்து வரும் துடிப்பை மூன்று பங்காகப் பிரிப்பார்கள்.

இ1 என்பது சில நானோ செகண்டுகளில் உச்சத்துக்கு ஏறி, ஒரு மைக்ரோ செகண்டுக்குள் முடிந்துவிடும். சர்வதேசத் தரநிலைகள் இதன் உச்சமாக மீட்டருக்கு 50,000 வோல்ட்டை எடுத்துக்கொள்கின்றன. சில மீட்டர் கம்பியே இதைப் பிடித்துக்கொள்ளும். இ2 மின்னல் மாதிரி, ஆனால் அதைவிடப் பலவீனம். இ3 மெதுவானது, நொடிகள் முதல் நிமிடங்கள் வரை. இது சூரியப் புயலின் தம்பி. பல கிலோமீட்டர் நீளமுள்ள மின்தொடர்களில்தான் இது ஏறும், பெரிய டிரான்ஸ்பார்மர்களைச் சுட வைக்கும். 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலில் கனடாவின் கியூபெக் மாகாண மின் அமைப்பு சுமார் 90 நொடிகளில் விழுந்து, 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் இருந்தது இந்த வகைதான்.

இரண்டு பழைய சோதனைகள் எல்லா விவாதத்திலும் வரும். 1962 ஜூலையில் அமெரிக்கா ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஹொனலுலுவில் 30 வரிசைத் தெருவிளக்குகள் அணைந்தன. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சோவியத் கஜகஸ்தானுக்கு மேலே 300 கிலோடன் குண்டை வெடித்தது. 570 கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பியில் ஃபியூஸ்கள் போயின, தரைக்கடியில் போன 1,000 கிலோமீட்டர் மின் கேபிள் செயலிழந்தது.

பயப்படுகிறவர்கள் கஜகஸ்தானைக் காட்டுவார்கள். சிரிக்கிறவர்கள் ஹொனலுலுவைக் காட்டி, "சில தெருவிளக்குதானே அணைந்தது" என்பார்கள். இரண்டு பேரும் பாதிதான் படித்திருக்கிறார்கள். ஹொனலுலு வெகு தூரத்தில் இருந்தது. அங்கிருந்தவை வால்வு காலத்துச் சாதனங்கள், இன்றைய சிப்புகள் தாங்கும் வோல்ட்டேஜ் அதில் சிறு பங்குகூட இல்லை. மறுபக்கம், கஜகஸ்தானில் நாசமானவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமான கம்பிகள். உங்கள் மேஜை மேல் பிளக் பிடுங்கி வைத்த டார்ச் லைட் அப்படியல்ல. எதில் எவ்வளவு நீளக் கம்பி இணைந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நாவலில் அந்தக் கேள்வி வருவதே இல்லை. அங்கே துடிப்பு என்பது எல்லாவற்றையும் ஒரே மாதிரி தொடும் மந்திரக்கோல்.

கார் விஷயத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அதே ஆணையம் 1986 முதல் 2002 வரையிலான மாடல்களில் 37 கார்களைச் சோதித்தது. ஓடிக்கொண்டிருந்தவற்றில் 3 கார்கள் மட்டும், மீட்டருக்கு 30,000 வோல்ட் அளவிலோ அதற்கு மேலோ, நின்றன. திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஓடும். ஒன்றின் டாஷ்போர்டு கெட்டது. மற்றவற்றில் விளக்கு மினுக்கியது போன்ற சில்லறைத் தொந்தரவுகள். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர்கள் பல மடங்கு அதிகம் என்பதால் இந்த முடிவை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. ஆனால் 2009-ல் வந்த நாவலின் நெடுஞ்சாலைக் காட்சிக்கு எதிரான சாட்சி, 2008-லேயே அச்சில் இருந்தது.

மின் தொகுப்பு பற்றியும் இரண்டு கருத்து உண்டு. அமெரிக்க மின்துறையின் ஆய்வு நிறுவனமான எப்ரி 2019-ல் வெளியிட்ட அறிக்கை, பிராந்திய அளவில் மின்சாரம் விழலாம், ஆனால் நாடு முழுக்க மாதக்கணக்கில் இருட்டு என்பதற்கு ஆதாரமில்லை என்றது. ஆணையத்தோடு தொடர்புள்ளவர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். மின் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஆய்வு செலவைக் குறைத்துச் சொல்லாதா என்பது நியாயமான கேள்வி. பயத்தால் நிதி பெறும் குழு ஆபத்தைக் கூட்டிச் சொல்லாதா என்பதும் அதே அளவு நியாயமானது. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

இப்போது நம் வீடு

நாவலைப் படித்துவிட்டு ஒருவர் பெட்டி வாங்கப் போகிறார் என்று வையுங்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் மூன்று வாக்கியங்கள் இருக்கும். மூன்றையும் தட்டிப் பார்க்கலாம்.

முதலாவது: "1 நானோ செகண்டுக்குள் செயல்படும்." உள்ளே இருப்பது பெரும்பாலும் எம்.ஓ.வி. வோல்ட்டேஜ் எல்லை தாண்டினால் தடை சட்டென்று குறைந்து, உபரியை எர்த்துக்குத் தள்ளும் வில்லை. அந்த வில்லை உண்மையிலேயே வேகமானதுதான். ஆனால் அதை மெயின் போர்டோடு இணைக்கும் வயர்? ஒரு மீட்டர் வயருக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி தூண்டல் இருக்கும். மின்னல் சோதனையில் பயன்படும் 10,000 ஆம்பியர், 8 மைக்ரோ செகண்டில் ஏறினால், அந்த ஒரு மீட்டரில் மட்டும் 1,250 வோல்ட் நிற்கும். இ1 மாதிரி வேகத்தில், வெறும் 100 ஆம்பியர் 10 நானோ செகண்டில் ஏறினாலே 10,000 வோல்ட். அதாவது பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்தாலும், எலக்ட்ரீஷியன் அழகுக்காக வளைத்து விட்ட ஒரு மீட்டர் வயர் அதைக் கெடுத்துவிடும். பெட்டியின் வேகத்தைப் பற்றிப் பேசும் விளம்பரம் வயரின் நீளத்தைப் பற்றிப் பேசாவிட்டால் அது பாதி உண்மை.

இரண்டாவது: "ராணுவத் தரம்." வழக்கமாகக் காட்டப்படுவது அமெரிக்காவின் மில்-எஸ்டிடி-188-125. அது ஒரு பெட்டிக்கான தரம் அல்ல, முழுக் கட்டடத்துக்கானது. சுற்றிலும் உலோகக் கவசம், உள்ளே வரும் ஒவ்வொரு கம்பிக்கும் குழாய்க்கும் தனி வடிகட்டி, 80 டெசிபல் தடுப்பு. 80 டெசிபல் என்றால் புலம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்: மீட்டருக்கு 50,000 வோல்ட் உள்ளே வரும்போது 5 வோல்ட். செங்கல் சுவரும் கண்ணாடி ஜன்னலும் உள்ள வீட்டில் மெயின் போர்டில் ஒரு பெட்டியை மாட்டினால், அந்தத் தரத்தின் ஒரு அங்கத்தை மட்டும் வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குள்ளே ஓடும் வயரிங்கே ஆன்டெனாவாக வேலை செய்யும். அதற்கு மெயின் போர்டு வாசல் காவல் போதாது.

மூன்றாவது: "உங்கள் சோலாரையும் காக்கும்." இங்கேதான் நம்ம ஊர்க்காரர்களும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மொட்டை மாடியில் பேனல் போடுவது இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. பேனல் ஓரளவு முரட்டுப் பொருள். பலவீனம் இன்வெர்ட்டரில். மாடியிலிருந்து கீழே இறங்கும் டிசி வயர் நீளமான ஆன்டெனா. பிளஸ், மைனஸ் இரண்டு வயரும் தள்ளித் தள்ளி ஓடினால் பெரிய வளையமாகி இன்னும் அதிகம் பிடிக்கும். ஆக டிசி பக்கம், ஏசி பக்கம் இரண்டிலும் பாதுகாப்பு வேண்டும். ஒரே பெட்டி போதாது.

சரி, எல்லாம் செய்து இன்வெர்ட்டர் பிழைத்துக்கொண்டது என்றே வைப்போம். லைட் எரியுமா? நெட் மீட்டரோடு போடப்படும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், ஈபி சப்ளை போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, சரியான ஏற்பாடு. ஆனால் அதன் பொருள், பட்டப்பகலில், மாடியில் வெயில் கொளுத்த, கெடாத பேனலும் கெடாத இன்வெர்ட்டரும் இருந்தும் வீட்டில் ஃபேன் சுற்றாது. பாதுகாப்புப் பெட்டி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. கேட்க வேண்டியது நாம்.

அலுமினியத் தாள், மைக்ரோவேவ் அடுப்பு வைத்தியங்களும் உண்டு. மைக்ரோவேவ் கதவு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை அடைக்க வடிவமைத்தது. இ1-ன் சக்தி பெரும்பாலும் அதைவிட மிகக் கீழான அலைவரிசைகளில் இருக்கிறது. உள்ளே போனை வைத்து ரிங் அடித்துப் பார்ப்பதும் சோதனை ஆகாது. செல்போன் துளியூண்டு சிக்னலையும் பிடித்துவிடும், அதனால் ரிங் வந்தால் தடுப்பே இல்லை என்றும் அர்த்தமில்லை. இதற்குப் பதில் நன்றாக மூடும் தகர டப்பா தேவலை. மூடி சுற்றிலும் உலோகத்தோடு உலோகம் ஒட்ட வேண்டும், பொருள் உள்ளே அட்டையில் சுற்றி டப்பாவைத் தொடாமல் இருக்க வேண்டும், எந்த வயரும் வெளியே நீளக்கூடாது. டப்பாவுக்கு எர்த் கொடுக்கிறேன் என்று நீள வயர் இழுக்கத் தேவையில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

அணுகுண்டுக்காக என்று தனியாக ஒரு ரூபாயும் செலவழிக்காமல், நாளைக்கே பயன்படும் விஷயங்களை மட்டும் செய்வது என் கட்சி.

மெயின் போர்டில் டைப் 2 சர்ஜ் பாதுகாப்புக் கருவி, வயர் நீளம் அரை மீட்டருக்குள், நேராக. எர்த் குழியைச் சோதித்துப் பாருங்கள். கரியும் உப்பும் போட்டு மூடியதோடு பல வீடுகளில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது ஐப்பசி இடி மின்னலுக்கே வேலை செய்யும். நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வந்தால் இந்தக் கருவி காப்பாற்றாது, அதுவே புகைந்துவிடும். அதற்கு வோல்ட்டேஜ் ஏறினால் சப்ளையைத் துண்டிக்கும் தனிக் கருவி வேண்டும். நம்ம ஊரில் டிவியும் ஃபிரிட்ஜும் சாவது பெரும்பாலும் இந்த மாதிரி கோளாறுகளால்தான்.

சோலார் போடுபவரிடம், "ஈபி இல்லாதபோது இது எனக்குக் கரண்ட் தருமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். தராது என்றால், பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரின் விலையைக் கேட்டு யோசியுங்கள். அது முடியாதென்றால் ஒரு சின்னப் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், எல்இடி விளக்கு, ரேடியோ. கன்ட்ரோலரும் ரேடியோவும் இன்னொரு ஜோடி அந்தத் தகர டப்பாவில். புயல் வந்தாலும் உதவும்.

மூன்றாவது, ஜெனிஃபர். நாவல் கேட்ட ஒரே சரியான கேள்வி அவள்தான். வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், கையில் எத்தனை நாள் மருந்து எப்போதும் இருக்கிறது, ஃபிரிட்ஜ் நின்றால் எங்கே வைப்பது என்று டாக்டரிடம் இப்போதே பேசி வைக்க வேண்டும். நீர்த்தொட்டியில் எத்தனை நாள் தண்ணீர், மோட்டார் ஓடாவிட்டால் போரிலிருந்து எப்படி எடுப்பது என்பதும் இதே வரிசை. இதற்கெல்லாம் பெட்டி விற்பனைக்கு இல்லை, அதனால் விளம்பரமும் இல்லை.

ஃபோர்ஸ்ட்சென் வாசகனைப் பயமுறுத்த நினைத்தார், ஜெயித்தார். அந்தப் பயத்தை மருந்துக்கடைப் பட்டியல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து துப்பாக்கிக்குத் திருப்பியதுதான் புத்தகத்தின் குறை. சந்தை அதே பயத்தை மெயின் போர்டுப் பெட்டிக்குத் திருப்புகிறது. நாவலை வாங்குகிறவர்கள் முதல் பாதியை இரண்டு தடவை படிக்கலாம். பெட்டியை வாங்குகிறவர்கள் மாட்ட வருபவரிடம், வயரை எத்தனை சென்டிமீட்டரில் முடிப்பீர்கள் என்று முதலில் கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாதவரை வைத்து மாட்டாதீர்கள்.